வாய்க்கால் தாண்டிய வெள்ளை ஈ

தன்னைவிடப் புத்திசாலி கரியமாணிக்கத்தில் கிடையாது என்பது சுப்புராயனின் கருத்து. ஊரில் வேறு யாருக்கும் அந்தக் கருத்து இல்லை என்பதும் அவருக்குத் தெரியும். அது ஊராரின் புத்திக்குறைவு என்று விட்டுவிட்டார்.

இளநீர் வியாபாரி தமீம் அன்சாரி வந்து பேசிவிட்டுப் போனதிலிருந்து அந்தப் புத்திக்கு ஓய்வே இல்லை.

"வில்லியனூர் கடைக்கு வருஷம் பூரா ஒரே தோப்புலதான் காய் எடுக்கப் போறேன்ணே. ஒண்ணு உன் தோப்பு, இல்லன்னா வாய்க்காலுக்கு அந்தாண்ட நடேசன் தோப்பு. இன்னா பண்றது, ரெண்டுலயும் வெள்ளை ஈ! மூணு மாசம் கழிச்சி வரேன். எது தெளிஞ்சிருக்குதோ, அதுக்குத்தான் அட்வான்ஸ்."

போன வருட விளைச்சலை வெள்ளை ஈ தின்றுவிட்டது. இந்த வியாபாரமும் கைநழுவினால் தோப்பை விற்பதைத் தவிர சுப்புராயனுக்கு வேறு வழியில்லை.

இரண்டு தோப்பிலும் குட்டை ரக மரங்கள். நின்றபடியே மட்டையைத் தொடலாம். சுப்புராயன் ஒரு ஓலையைத் திருப்பிப் பார்த்தார். மாவு தூவியதுபோல் வெள்ளைப் பொட்டுகள், நடுநடுவே சில கறுப்புப் பொட்டுகள். வெள்ளை என்றால் குஞ்சு, கறுப்பு என்றால் முற்றியது, விஷமெல்லாம் முற்றியதில்தான் என்று முடிவு கட்டினார். யாரையும் கேட்கவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்வதற்குப் புத்திசாலி எதற்கு?

முற்றியதையெல்லாம் நடேசன் தோப்பில் கொண்டுபோய் விட்டால் அவன் தோப்பு நாசமாகும், தன் தோப்பு தெளியும்.

செவ்வாய்க்கிழமை என்றால் நடேசன் மதகடிப்பட்டு சந்தைக்குப் போய்விடுவான். சுப்புராயன் மத்தியான வெயிலில் கறுப்புப் பொட்டு ஓலைகளாகத் தேடித் துண்டு துண்டாக நறுக்கி, கூடையோடு வாய்க்காலில் இறங்குவார். ஐம்பத்தெட்டு வயதில் வேலிக்குள் தலையை விட்டு, பின்பக்கம் வெளியே நிற்கும் தன் கோலத்தை நினைத்தால் அவருக்கே சிரிப்பு வரும். மரத்துக்கு ஒரு துண்டாக ஈர்க்குச்சியால் தைத்துவிட்டுத் திரும்புவார். ஐந்து செவ்வாயில் வேலை முடிந்தது. தன் தோப்பில் மிஞ்சிய வெள்ளைக்கு, இருப்பதிலேயே கடுமையான மருந்தை வாங்கி வாரம் தவறாமல் அடித்தார்.

அப்புறம் நடேசன் தோப்பு இருக்கும் திசையில் அவர் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை. குற்றவாளி குற்றம் செய்த இடத்துக்குத் திரும்பி வந்துதான் மாட்டிக்கொள்வான் என்று அவர் எங்கோ படித்திருந்தார். தன் தோப்பு மட்டும் ஏனோ முன்னைவிட மோசமாகிக்கொண்டே போனது. மருந்து பிடிக்க நாளாகும் என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

மூன்றாவது மாதம் நடேசன் போன் செய்தான்.

"அண்ணே, ஒடனே தோப்புக்கு வா. மோட்டார் ஒயர் திருடனப் புடிக்கக் கேமரா வச்சேன். அதுல நீ இருக்கற."

சுப்புராயன் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். வழியெல்லாம் ஒரு பொய்யைத் தேடிக்கொண்டே நடந்தார். கன்றுக்குட்டி ஓடிவந்துவிட்டது என்பதுதான் கிடைத்தது. அவரிடம் மாடே கிடையாது.

தோப்பு வாசலில் சர்க்கார் ஜீப் நின்றது. போலீஸ்தான் என்று நினைத்தார். நடேசன் அவரை நோக்கி ஓடி வந்தான். சுப்புராயன் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

அடி விழவில்லை. நடேசன் கட்டிப் பிடித்துக்கொண்டான்.

"உன்னப் போயி பொறாம புடிச்ச ஆளுன்னு நெனச்சேனே அண்ணே!"

ஜீப்பில் வந்திருந்தவர் வேளாண் அதிகாரி சுகன்யா. அவர் ஒரு ஓலைத் துண்டைக் காட்டினார்.

"ஐயா, இந்தக் கறுப்புப் பொட்டுக்குள்ள இருக்கறது ஈ இல்ல. ஈயோட குஞ்சைத் தின்னு வளர்ற குட்டிக் குளவி. வெள்ளை ஈயை ஒழிக்கிறதே அதுதான். இந்த ஓலைய வெட்டி மரத்துக்கு மரம் கட்டுங்க, மருந்து அடிச்சா குளவி செத்துடும்னு கூட்டம் போட்டுச் சொல்றோம், ஒருத்தரும் கேக்கல. நீங்க சத்தமில்லாம அடுத்தவர் தோப்புக்கே செஞ்சிருக்கீங்க!"

சுப்புராயன் அண்ணாந்து பார்த்தார். ஓலைகள் பச்சைப்பசேல் என்றிருந்தன. மரத்தடியில் தமீம் அன்சாரி, நடேசனுக்கு அட்வான்ஸ் கொடுத்த கையோடு இளநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"உங்க தோப்புக்குன்னு எவ்ளோ மிச்சம் வச்சிருக்கீங்க?" என்று கேட்டார் சுகன்யா.

"ஒண்ணுகூட வைக்கல மேடம்." மூன்று மாதத்தில் அவர் பேசிய முதல் உண்மை அதுதான்.

"இப்படியும் ஒரு மனசா!" சுகன்யாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் காலையில், நாலே நாலு கறுப்புப் பொட்டு கிடைக்குமா என்று கேட்டு, இந்த முறை வாசல் வழியாகவே நடேசன் தோப்புக்குள் நுழைந்தார் சுப்புராயன்.