உச்சிக் கட்டையின் கோபம்

ஐந்து விளையாட்டு மரக்கட்டைகளில் சிவப்புக்கு எப்போதும் உச்சியில்தான் இடம். அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. ஒருநாள் கைக்குப் பயிற்சி கொடுக்கும் அக்கா, குழந்தை யாழிசையின் நெஞ்சோடு மடங்கியே கிடக்கும் இடக்கைப் பக்கமாகக் கட்டைகளைக் கோபுரமாக அடுக்கி, "தள்ளிவிடு பார்க்கலாம்!" என்றாள். கை மெல்ல நீண்டது. கோபுரம் சரிந்தது. ஒரே கைதட்டல்.

"நின்னப்போ ஒருத்தரும் தட்டல, விழுந்ததுக்குத் தட்டுறாங்க!" என்று பொருமியது சிவப்பு.

"அந்தக் கை இன்னைக்குத்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கு," என்றது நீலக் கட்டை.

மறுபடி அடுக்கினார்கள். இந்த முறை கை ஒரு விரற்கடை தூரத்தில் நின்றுவிட்டது.

"நாமளே சாஞ்சு குடுத்துடலாமா?" என்றது நீலம்.

"பேசாம நில்லு. அவளே தள்ளட்டும்," என்றது சிவப்பு.

யாழிசை இன்னும் கொஞ்சம் எட்டித் தள்ளிவிட்டாள். சிவப்பு துள்ளிப் போய் பீரோவுக்கு அடியில் விழுந்தது. அங்கிருந்தே கத்தியது: "அடுக்குங்க, சீக்கிரம் அடுக்குங்க!"