தெற்குச் சுவரில் ஒரு பெயர்

"2083 மார்ச் 13, சனி. பட்டியலில் சிறு தவறு செய்துவிட்டேன்," என்று கட்டட அளவை பயிலும் மாலை வகுப்புக்கான நாட்குறிப்பில் எழுதினாள் எப்சிபா.

இடிக்குமுன் தூய லூக்கா ஆலயத்தை அங்குலம் அங்குலமாக அளந்தவள் அவள். அவள் பட்டியலைப் பார்த்தே கட்டுமான இயந்திரம் அதே ஆலயத்தைப் பக்கத்துத் தெருவில் கட்டியது. ஞானஸ்நானத் தொட்டியின் வெடிப்புகூட வந்துவிட்டது. தெற்குச் சுவரிலிருந்த கீறலை மட்டும் 'சேதம்' என்று குறித்திருந்தாள்; இயந்திரம் அதை விட்டுவிட்டது.

"அது செத்துப்போன எம்பொண்ணு ஆணியால கீறின அவ பேரும்மா," என்றார் மணியடிக்கும் ஏசுவடியான். "படிச்சவங்களுக்கு எம்பொண்ணு சேதம்!"

மதியம் அவரே புதிய சுவரில் பெயரை மறுபடி கீறினார். ஆனால் அந்தச் சுவர் தன் கீறலைத் தானே ஆற்றிக்கொள்ளும். மாலை ஜெபத்துக்குள் பெயர் மறைந்தது. அவர் அந்த இடத்தைத் தடவியபடியே நின்றார்.

எப்சிபா கடைசி வரியை எழுதினாள்: "நாளை ஆராதனைக்கு ஒரு மணி முன்னதாகப் போய், பெயரைக் கீற வேண்டும்."