வாசல் மேல் கல்

டேப்பும் கையுமாக ஒருவர் தன் வீட்டு வாசலில் வந்து நின்றதும் கொத்தனார் முடிவு கட்டிவிட்டார். பழங்கட்டட இலாகா ஆளேதான்!

"இது அந்தக் காலத்து விடுதியாமே?"

பழமையான கட்டடம் என்று எழுதிக்கொண்டு போய்விட்டால் ஒரு செங்கல்லைக்கூட அசைக்க முடியாது; விற்க நினைத்தாலும் எவனும் வாங்க மாட்டான். மூட்டுவலிக்கார மனைவி அந்தச் செங்குத்தான மாடிப்படியில் காலமெல்லாம் ஏறி இறங்கிச் சாக வேண்டியதுதான். அதற்குப் பயந்தே, வாசல் மேல் விடுதியின் பெயர் செதுக்கியிருந்த கல்லைப் போன மாதம் சிமென்ட்டால் பூசி மறைத்திருந்தார்.

"யாரோ கதை விட்டிருக்காங்க சார். எங்க மாமனார் கட்டின வீடு."

"வரிசையா எட்டு ரூம் இருக்கே?"

"அவருக்கு எட்டுப் பிள்ளைங்க."

"குதிரை கட்டுற வளையம்?"

"எருமை கட்டினது சார்."

வந்தவர் டேப்பைச் சுருட்டினார். "அப்ப சரி. பழைய விடுதியா இருந்தா நீங்க கேக்குற விலைக்கே வாங்கிடலாம்னு வந்தேன்."

கொத்தனாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "சார்! விடுதிதான் சார்! பேரு செதுக்கின கல்லே இருக்கு!"

"இப்பதான் முளைச்சுதா? சரி, காட்டுங்க."

கொத்தனார் ஏணியில் தாவி ஏறி உளியால் அடித்தார். பூச்சு பாளமாக விழுந்தது.

கல்லில் ஓர் எழுத்துகூட இல்லை. முழுக்க உளித் தழும்புகள். பூச்சு நன்றாகப் பிடிக்கட்டும் என்று, எந்தச் சுவரையும் போல அதையும் முதலில் கொத்திவிட்டுத்தான் பூசியிருந்தார். முப்பது வருஷத் தொழில் சுத்தம்.

வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது.

"யாருங்க வந்தது?" மாடியிலிருந்து மனைவியின் குரல். "நான் கீழ இறங்கி வரட்டுமா?"

"வேணாம்," என்றார் ஏணியிலிருந்தபடியே. "அங்கேயே இரு."