வில்லைக்கு வாசனை போதும்

சடகோபன் கையிலிருந்த புதுத் தீக்காயத்தைப் பார்த்ததும் சர்க்கரை நோய் மருத்துவர் மெர்சிக்கு எரிச்சல் வந்தது. கோயில் மடப்பள்ளியில், கொதிக்கும் அண்டாவுக்குப் பக்கத்தில் மனிதர் மறுபடியும் சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழுந்திருக்கிறார்.

நல்ல உடம்பு கெட்டிக்காரத்தனமானது. சமையல் வாசனைக்கு நாவில் நீர் ஊறியதுமே, முதல் கவளத்துக்கு முன்பாகவே கொஞ்சம் இன்சுலின் சுரந்து வைத்துக்கொள்ளும். உடம்பின் குறிப்பறிந்து தானாகவே இன்சுலின் செலுத்த, சடகோபன் வயிற்றில் ஒட்டிய வில்லையும் அதையேதான் செய்தது. இன்சுலின் இறங்கியது, சோறுதான் இறங்கவில்லை.

“தாளிக்கிறப்பவே ஒரு வாய் போட்டுக்கோங்கன்னு எத்தனை தடவை சொல்றது?”

“பெருமாளுக்குக் காட்டாம நான் வாயில வைக்கலாமா டாக்டரம்மா?”

“அப்ப மூக்குல துணியைக் கட்டிக்கோங்க.”

“உப்பு சரியான்னு மூக்காலதானே பார்க்கறேன்!”

“பெருமாளையாவது சீக்கிரம் சாப்பிடச் சொல்லுங்க!”

“அவருக்கென்ன சர்க்கரையா, அவசரப்பட?”

மெர்சிக்குச் சிரிப்பு வரவில்லை. வாசனைக்குச் சுரப்பதை மட்டும் நிறுத்த வழியில்லை என்று வில்லை செய்தவர்கள் கைவிரித்துவிட்டார்கள். அதைப் பிய்த்தெடுத்துவிட்டு, இழுப்பறையின் அடியிலிருந்து பழைய காலத்து இன்சுலின் ஊசியை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

“ஊரே வில்லை ஒட்டிண்டு திரியறது, எனக்கு மட்டும் ஊசியா?”

“ஆமா. அதுக்கு மூக்கு கிடையாது.”