ஒரு விமானம் குறைவு

"கப்பல் விக்கறதா போன்ல போட்டிருந்தது நீதானாம்மா?"

நந்திதா கதவை முழுதாகத் திறந்தாள். வந்தவருக்கு அறுபத்தைந்து வயது இருக்கும். திருப்பதி பஸ்ஸில் நின்றுகொண்டே சித்தூர் வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது.

"நான்தான் சார். உள்ள வாங்க."

ஹால் மேஜை மேல் இரண்டு முழ நீளத்துக்கு அந்தத் தகரக் கப்பல் நின்றது. பெரியவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

"அகானோ. ரெண்டாம் உலக யுத்தத்துக்கு ஜப்பான்காரன் கட்டினது. அவனோட பழைய கப்பல்ல மூணு, நாலு புகைபோக்கி வரிசையா நிக்கும். இதுல எல்லாத்தையும் சேத்து ஒரே புகைபோக்கி ஆக்கிட்டான். முன்னால ரெண்டு பீரங்கி மேடை, பின்னால ஒண்ணு. நடுவுல ரெண்டு குட்டி விமானம்..."

வாங்க வந்தவர் போல் இல்லாமல் விற்க வந்தவர் போல் விளக்கிக்கொண்டே போனார்.

"விமானம் ஒண்ணுதானே சார் இருக்குது?"

பெரியவர் சட்டென்று பேச்சை மாற்றினார். "யாரும்மா செஞ்சது?"

"எங்க நைனா. ரேணிகுண்டா பட்டறையில வேல செஞ்சப்ப, சிநேகிதரோட சேர்ந்து மீந்த தகரத்துல செஞ்சாராம். மத்தியானம் ஒரே டிபன் பாக்ஸ்ல துன்னுட்டு, மிச்ச நேரம் பூரா கப்பல்தானாம்."

"தக்காளி சோறு" என்று பெரியவர் முணுமுணுத்தார். நந்திதா காதில் விழாதது போல் தொடர்ந்தாள்.

"ஆயுத பூஜைக்கு மெஷினுக்கெல்லாம் பொட்டு வெச்ச கையோட, அந்த சிநேகிதர் பீரங்கிக்கும் குங்குமம் வெச்சிட்டாராம். 'ஜப்பான் கப்பலுக்கு எவன்டா பொட்டு வெப்பான்'னு நைனா எல்லார் எதிர்லயும் கத்திட்டாராம். அவரு கோவிச்சிக்கினு போனவர்தான். முப்பது வருஷம் ஆச்சு."

முன் பீரங்கியில் அந்தச் சிவப்புக் கறை அப்படியே இருந்தது. பெரியவர் அதை விரலால் தொட்டார்.

"இத இன்னும் தொடைக்கலியா?"

"யாரையும் தொடைக்க உட்டதில்ல."

பெரியவரால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. கண்கள் நிறைந்துவிட்டன.

"நான்தாம்மா அந்தப் பாவி. இத்தன வருஷம் வீம்பு புடிச்சிக்கினு உக்காந்திருந்தேன். உங்க நைனா தங்கவேலு இருக்கறப்பவே ஒரு நட வந்திருக்கணும்."

பர்ஸிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். உள்ளே கட்டைவிரல் அளவில் ஒரு தகர விமானம்.

"கோவத்துல பிச்சிக்கினு போனது. எவ்ளோ கேட்டாலும் தரேன். கப்பல எனக்கே குடுத்துடும்மா."

நந்திதா தலையை ஆட்டினாள். "இதுவரைக்கும் பதினோரு பேர் கேட்டாங்க. குடுக்கல. உங்களுக்கும் குடுக்க மாட்டேன்."

பெரியவர் திகைத்து நிமிர்ந்தார். உள்ளறைக் கதவு திறந்தது.

"விக்கறதுக்காடா விளம்பரம் போடச் சொன்னேன்? உன் அட்ரஸ் தெரிஞ்சிருந்தா நானே வந்திருப்பேனே நாராயணசாமி!"

ஒரு கையில் பசையும் மறு கையில் குங்குமச் சிமிழுமாகத் தங்கவேலு நின்றிருந்தார்.