வைக்கோல் அண்ணன்

சீனத்து ஊர் ஒன்றில் லியூ என்பவர் ஈர வைக்கோலால் ஒரு வெட்டுக்கிளியைப் பின்னி, ஜன்னலில் காயவைத்துவிட்டு உள்ளே போனார். நிஜ வெட்டுக்கிளி ஒன்று அதைச் சொந்தக்காரன் என்று நினைத்துப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது.

“என்ன அண்ணே, இப்படி விறைச்சுப்போய் உட்கார்ந்திருக்கீங்க? மாப்பிள்ளை முறுக்கா?”

தன்னை ஒருவன் அண்ணன் என்று அழைத்தது வைக்கோல் வெட்டுக்கிளிக்குப் பிடித்திருந்தது. அது உண்மையைச் சொல்லவில்லை.

அப்போது ஒரு மைனா வந்து இறங்கியது. நிஜ வெட்டுக்கிளி சட்டென்று அண்ணனின் வயிற்றுக்கடியில் பதுங்கியது. “அசையாதீங்க அண்ணே!”

மைனாவின் அலகு நெருங்கியதும் வைக்கோல் வெட்டுக்கிளி அலறியது. “ஐயோ, நான் வெறும் வைக்கோல்! நிஜமானவன் அடியில இருக்கான்!”

மைனா அடியில் இருந்தவனைக் கவ்விக்கொண்டு பறந்தது.

பேசாமல் இருந்திருந்தால் ஒரு கொத்து விழுந்திருக்கும். கால் ஒன்று போயிருந்தாலும் லியூ வேறொரு வைக்கோலைச் செருகியிருப்பார். இது இப்போதுதான் வைக்கோல் வெட்டுக்கிளிக்குத் தோன்றியது.

சிறகுச் சத்தம் கேட்டு லியூ ஓடிவந்தார். அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “நல்லவேளை, உனக்கு ஒண்ணும் ஆகலை” என்றார்.

அவரைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும் போலிருந்தது அதற்கு. ஆனால் திரும்பும்படியான கழுத்தை அவர் பின்னியிருக்கவில்லை.