ஏழாவது பொம்மை

கடற்கரையில் இருக்கும் எங்கள் சர்ச்சுக்கு முந்நூறு வயது. அதன் கூரையிலிருந்து ஒரு சின்ன மரக்கப்பல் தொங்குகிறது. ஒன்பது வருடம் முன்பு மூழ்கிப்போன படகின் நினைவாகச் செய்து மாட்டியது. அந்தப் படகோடு செத்துப்போனவர்கள் ஆறு பேர். தப்பி வந்தது என் வீட்டுக்காரர் ஒருவர்தான். ஆனால் கப்பலில் நிற்பவை ஏழு பொம்மைகள்.

சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் அதை எண்ணிவிட்டு, "ஏழு பேரும் போயிட்டாங்களா, பாவம்" என்று உச்சுக்கொட்டும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நேற்று மத்தியானம், சர்ச்சைக் கூட்டித் துடைத்துப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளையைப் பிடித்துக்கொண்டேன். "உசுரோட இருக்கற மனுஷனை இன்னும் எத்தனை வருஷம் அங்க தொங்கவிடுவீங்க?"

"நான் என்னக்கா பண்ணுவேன்? வருஷா வருஷம் தூசி தட்டறப்ப அந்த ஏழாவதைப் பிடுங்கித் தூரப் போட்டுடறேன். அடுத்த தடவை ஏறினா மறுபடியும் நிக்குது."

"இந்தக் கதையெல்லாம் வேற ஆள்கிட்ட சொல்லு."

அவனைத் தள்ளிவிட்டு நானே ஏணியில் ஏறினேன். ஏழும் கப்பலின் முனையைப் பார்த்து நின்றன. ஏழாவது மட்டும் ஈரமாக இருந்தது. அதைப் பிடுங்கிக்கொண்டு இறங்கி, காலில் போட்டு மிதித்து இரண்டாக உடைத்தேன்.

"சண்டை முடிஞ்சுதா? சாப்பாடு ஆறிப்போச்சு" என்றபடி என் வீட்டுக்காரர் சர்ச் வாசற்படியில் கால் வைத்தார்.

நிமிர்ந்து கப்பலைப் பார்த்தேன். ஆறு பேரும் வாசல் பக்கம் திரும்பி நின்றார்கள்.

"என்னடா பாக்கறீங்க?" என்று கத்தினேன்.

ஒருவரும் என் பக்கம் திரும்பவில்லை.